பக்கத்தில் நிற்கும் சொல்லைப் பாருங்கள்

நான் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பவன். இந்தத் தொழிலுக்கு வந்த முதல் வருடத்தில் ஒரு பாதுகாப்புக் கையேடு கைக்கு வந்தது. புகை சூழ்ந்தால் எச்சரிக்கும் கருவியைப் பற்றிய நாலு பக்கம்தான். கடினமான சொல் ஒன்றுகூட இல்லை. ஒரே மாலையில் முடித்து அனுப்பிவிட்டேன். அதில் ஒரு வாக்கியம் இப்படி இருந்தது: "வென் தி அலாரம் கோஸ் ஆஃப், லீவ் தி ரூம்." நான் எழுதியது: "அலாரம் நின்றதும் அறையை விட்டு வெளியேறவும்."

சரிபார்த்தவர் அனுபவம் மிக்க பெண்மணி. மறுநாள் போனில் கூப்பிட்டார். "தம்பி, இந்த வரியைப் படிக்கிறவர் என்ன செய்வார், சொல்லுங்க" என்று மட்டும் கேட்டார். திரும்பப் படித்தேன். அலாரம் அலறுகிறவரை உள்ளேயே உட்கார்ந்திருப்பார். அலறி ஓய்ந்த பிறகு எழுந்து போவார். வயிற்றைப் பிசைந்தது. மூல வாக்கியம் சொன்னதோ நேர் எதிர். அலாரம் ஒலித்ததும் கிளம்பு என்றது.

'கோ ஆஃப்' என்பது அலாரத்துக்கு வந்தால் ஒலிப்பது. விளக்குக்கு வந்தால் அணைவது. பாலுக்கு வந்தால் கெட்டுப்போவது. வெடிகுண்டுக்கு வந்தால் வெடிப்பது. மனிதருக்கு வந்தால் கிளம்பிப் போவது. எனக்கு 'கோ' தெரியும், 'ஆஃப்' தெரியும். சுவிட்சில் தினமும் பார்க்கிற 'ஆஃப்'தானே? அப்படித் தெரிந்திருந்ததுதான் வினை. பத்தெழுத்துச் சொல்லாக இருந்திருந்தால் அகராதியைத் திறந்திருப்பேன். இரண்டெழுத்து, மூன்றெழுத்துச் சொல்லுக்கு யார் அகராதி பார்க்கிறார்கள்?

அந்த வரி அச்சுக்குப் போவதற்குள் திருத்தப்பட்டுவிட்டது. ஆனால் என் பழைய நோட்டை அன்று இரவே எடுத்துப் பார்த்தேன். பள்ளிக் காலம் முதல் நான் ஆங்கிலம் படித்த விதமே அந்த நோட்டில் இருந்தது. நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழ்ச் சொல். 'பை' என்றால் 'ஆல்'. 'ஃபார்' என்றால் 'க்காக'. 'சின்ஸ்' என்றால் 'இருந்து'. 'கெட்' என்றால் 'பெறு'. 'ஹேவ்' என்றால் 'வைத்திரு'. நீளமான சொற்களுக்கு இந்த முறை நன்றாகவே உதவியது. 'ஃபோட்டோசிந்தசிஸ்' எந்த வாக்கியத்தில் வந்தாலும் ஒளிச்சேர்க்கைதான். குட்டிச் சொற்கள் அப்படி ஓரிடத்தில் உட்காருவதில்லை.

'பை' ஒன்றையே பாருங்கள். 'பை ஹேண்ட்' என்றால் கையால். அதுவரை என் நோட்டு சரி. 'பை தி விண்டோ' என்றால் ஜன்னலோரம். 'ஒன் பை ஒன்' என்றால் ஒவ்வொன்றாக. 'பை மிஸ்டேக்' என்றால் தவறுதலாக. 'பை ஃப்ரைடே' என்றால் வெள்ளிக்கிழமைக்குள். வெள்ளிக்கிழமை வரை என்று சொல்ல 'டில் ஃப்ரைடே' என்று வேறொரு சொல் இருக்கிறது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் சங்கடம்தான். "கீப் இட் டில் ஃப்ரைடே" என்றால் அதுவரை கையில் வைத்திரு. "ரிட்டர்ன் இட் பை ஃப்ரைடே" என்றால் அதற்குள் திருப்பிக் கொடு. எண்களோடு வரும்போது இன்னும் கவனம் வேண்டும். விலை "ரோஸ் பை 10" என்றால் முன்பு இருந்ததைவிடப் பத்து கூடியது. "ரோஸ் டு 10" என்றால் கூடிக் கூடிப் பத்தை எட்டியது. 'பை', 'டு' இரண்டும் அசைபோலத்தான் ஒலிக்கின்றன; கணக்கு முழுக்க மாறிவிடுகிறது.

இது எனக்கு மட்டும் உள்ள சிக்கலோ என்று கொஞ்ச நாள் நினைத்திருந்தேன். பிறகுதான் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் கணக்கு தெரியவந்தது. 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் மிக நீண்ட பதிவு 'செட்' என்ற சொல்லுக்கு. வினைச்சொல்லாக மட்டும் அதற்கு 430 பொருள். பிற்பாடு அகராதியைத் திருத்திக்கொண்டே வந்தபோது 'ரன்' அதை முந்திவிட்டது. வினையாக மட்டும் 645 பொருள். ஜார்ஜ் கிங்ஸ்லி ஸிப்ஃப் என்ற அமெரிக்க அறிஞர் 1930களிலும் 1940களிலும் சொற்களை எண்ணிப் பார்த்து இரண்டு போக்குகளைக் காட்டினார். அதிகம் புழங்கும் சொற்கள் குட்டையாக இருக்கும். அதிகம் புழங்கும் சொற்களுக்குப் பொருளும் அதிகம் இருக்கும். நாலு பேர் கை படுகிற சாமான் தேய்ந்து சிறிதாகும், எல்லா வேலைக்கும் பயன்படும் என்று நான் புரிந்துகொண்டேன்.

645 பொருளை யாரும் மனப்பாடம் செய்வதில்லை. ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களுக்கும் அந்தப் பட்டியல் தலையில் கிடையாது. அவர்களுக்குப் பக்கத்தில் நிற்கும் சொல் காட்டிக்கொடுத்துவிடுகிறது. எனக்கு இது உறைத்தது 'கெட்' என்ற சொல்லோடு ஒரு மாதம் மல்லுக்கட்டியபோது.

அந்த மாதம் ஒரு வேலை செய்தேன். படிக்கிற எதிலும் 'கெட்' வந்தால் முழு வாக்கியத்தையும் எழுதி, அதற்கு வலப்பக்கம் உடனே எது வருகிறது என்று கோடிட்டேன். இருநூறு வாக்கியம் சேர்ந்தபோது அவை தாமாகவே கூட்டம் கூட்டமாகப் பிரிந்தன. பெயர்ச்சொல் வந்தால் கிடைப்பது: "ஐ காட் எ லெட்டர்", எனக்கு ஒரு கடிதம் வந்தது. பண்பைச் சொல்லும் சொல் வந்தால் ஆவது: "இட் காட் டார்க்", இருட்டிவிட்டது. இடம் வந்தால் போய்ச் சேர்வது: "வி காட் ஹோம்", வீடு வந்து சேர்ந்தோம். 'ப்ரோக்கன்', 'காட்', 'பெய்ட்' போன்ற வினையின் மூன்றாம் வடிவம் வந்தால் பெரும்பாலும் நமது 'படு': "ஹி காட் காட்", பிடிபட்டான். இந்த வாக்கியத்தில் இரண்டு 'காட்' வருவதைக் கவனியுங்கள். ஒன்று 'கெட்', இன்னொன்று 'கேட்ச்'. தமிழ் எழுத்தில் ஒன்றுபோல் இருந்தாலும் உச்சரிப்பில் பின்னதில் உயிரொலி சற்று நீளும்.

அப்புறம் 'டு' வந்தால் வாய்ப்பு: "ஐ காட் டு மீட் ஹெர்", அவரைச் சந்திக்கக் கொடுத்துவைத்திருந்தது. நடுவில் ஒரு ஆள் வந்து பிறகு 'டு' வந்தால் செய்யவைப்பது: "ஐ காட் ஹிம் டு சைன்", அவரைப் பேசிச் சம்மதிக்கவைத்துக் கையெழுத்து வாங்கினேன். இங்கே 'மேட் ஹிம் சைன்' என்று சொன்னால் கட்டாயப்படுத்தி வாங்கியதாகிவிடும். 'காட்' சொன்னால் கொஞ்சம் மெனக்கெட்டு வாங்கியது. பின்னால் எதுவும் இல்லாமல் 'இட்' மட்டும் வந்து "ஐ கெட் இட்" என்றால் 'புரிகிறது'. இத்தனைக்கும் நோட்டில் நான் எழுதியிருந்தது 'பெறு' என்ற ஒரே சொல். பேச்சில் 'பெறு' என்று நாமே எப்போதாவதுதான் சொல்கிறோம்.

'கெட்' என்ற சொல்லுக்கு ஒரே தமிழ்ச் சொல் தேடுவதை அன்றோடு விட்டேன். வாக்கியம் முழுவதற்கும் தமிழில் இயல்பாக என்ன சொல்வோம் என்று கேட்டால் கிடைத்துவிடுகிறது. 'இருட்டிவிட்டது' என்ற சொல்லில் 'கெட்' எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேட வேண்டியதில்லை.

'ஹேவ்' இன்னொரு அடுக்கு. அதில் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். ஒரு கதையில் "ஷி ஹேட் ஹெர் ஹேர் கட்" என்று வந்தது. 'அவள் தன் முடியை வெட்டியிருந்தாள்' என்று எழுதினேன். தவறு. அவளே வெட்டியிருந்தால் "ஷி ஹேட் கட் ஹெர் ஹேர்" என்று வந்திருக்கும். அதே ஐந்து சொற்கள்தான், வரிசை மட்டும் வேறு. 'ஹேட்' என்ற சொல்லையும் 'கட்' என்ற சொல்லையும் பிரித்து நடுவில் பொருள் உட்கார்ந்தால், வேலையைச் செய்தவர் வேறு ஆள்: அவள் முடி வெட்டிக்கொண்டு வந்தாள். இந்தக் 'கொண்டு' தமிழில் எவ்வளவு அழகாக அந்த வேலையைச் செய்கிறது! இதே அமைப்பில் "ஹி ஹேட் ஹிஸ் பேக் ஸ்டோலன்" என்று வந்தால் அவர் யாரையும் திருடச் சொல்லவில்லை. அவருடைய பையை யாரோ திருடிவிட்டார்கள், அவ்வளவுதான். அங்கே பொருளை முடிவு செய்வது 'ஸ்டோலன்' என்ற சொல்லின் இயல்பு. தானே கேட்டு நடப்பதா, தலையில் வந்து விழுவதா என்று பார்க்க வேண்டும்.

சுருக்க வடிவங்களைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நானாகத் தடுக்கி விழுந்துதான் தெரிந்துகொண்டேன். 'ஐட்' என்று கேட்டால் அது 'ஐ ஹேட்' ஆகவும் இருக்கலாம், 'ஐ வுட்' ஆகவும் இருக்கலாம். அடுத்த சொல்லைப் பார்த்தால் போதும். 'ஐட் கான்' என்றால் 'ஹேட்': போயிருந்தேன். 'ஐட் கோ' என்றால் 'வுட்': போவேன் என்ற கணக்கில் வரும். 'ஐட் பெட்டர்' வந்தால் எப்போதும் 'ஹேட்', ஆனால் பொருள் இறந்தகாலம் அல்ல. கிளம்புவதே நல்லது என்கிற மாதிரி இப்போதைய பேச்சு. 'ஹீஸ்' என்பதும் அப்படியே. 'ஹீஸ் கோயிங்' என்றால் 'இஸ்'. 'ஹீஸ் பீன்' என்றால் 'ஹேஸ்'. 'லெட்ஸ் கோ'வில் வரும் அந்த 'ஸ்' இரண்டும் இல்லை, அது 'அஸ்'. ஒற்றை எழுத்துக்குள் இத்தனை பேர் குடியிருக்கிறார்கள்.

காதும் கொஞ்சம் உதவும். 'ஹேவ் டு' என்றால் கட்டாயம் என்று எல்லோருக்கும் தெரியும். அப்படிச் சொல்லும்போது பெரும்பாலும் 'ஹேஃப் டு' என்று 'ஃப்' ஒலியோடுதான் வரும். 'யூஸ்ட் டு' என்று முன்பு வழக்கமாகச் செய்ததைச் சொல்லும்போது 'ஸ்' அழுத்தமாக ஒலிக்கும்; 'யூஸ்' என்ற வினையின் இறந்தகாலமாக, பயன்படுத்தினேன் என்னும்போது அது அதிர்ந்து ஆங்கில 'இசட்' எழுத்தின் ஒலியாகிவிடும், தேனீ ரீங்காரம் மாதிரி. 'தட்' என்ற சொல்லும் சுட்டிக்காட்டும்போது முழுதாக ஒலிக்கும். 'என்று' என்ற பொருளில் இரண்டு வாக்கியங்களை ஒட்டும்போது தேய்ந்து 'தெட்' ஆகிவிடும். "ஐ நோ தட் தட் இஸ் ட்ரூ" என்று அடுத்தடுத்து இரண்டு வந்தால் முதலாவது தேய்ந்தது, இரண்டாவது முழுசு. படிக்கும்போது வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் எது எந்த வேலை செய்கிறது என்று பிடிபடும்.

சிலவற்றைச் சட்டென்று சொல்லிக் கடக்கிறேன். 'ஒன்ஸ்' வாக்கியத்தின் கடைசியில் வந்தால் பெரும்பாலும் ஒருமுறை. முன்னால் நின்று எழுவாயும் வினையும் தொடர்ந்தால், ஆனவுடன். "சின்ஸ் மண்டே" என்றால் திங்கள் முதல். "சின்ஸ் யூ ஆர் ஹியர்" என்றால், நீங்கள்தான் வந்துவிட்டீர்களே, அதனால். "எ ஃபியூ பீப்பிள் கேம்" என்றால் சிலர் வந்தார்கள் என்ற நிறைவு. அந்த முன்னால் நிற்கும் 'எ' போய்விட்டால் வந்தவர்களே கொஞ்சம்தான் என்ற குறை.

'மே நாட்' விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நிற்க வேண்டும், விதிமுறைகளை மொழிபெயர்ப்பவர்களுக்கு இது கத்திமேல் நடப்பது. "திஸ் மெத்தட் மே நாட் வொர்க்" என்றால் இந்த வழி பலிக்காமல் போகலாம். "யூசர்ஸ் மே நாட் ஷேர் தி பாஸ்வேர்ட்" என்றால் பகிரக் கூடாது. இரண்டாவதை 'பகிராமல் இருக்கலாம்' என்று எழுதிய ஒரு வரைவை நான் திருத்தியிருக்கிறேன். எழுதியவருக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும்; 'மே' என்றால் 'லாம்' என்று கை தானாக எழுதிவிட்டது. நான் பார்க்கிற முறை இது: அந்த வாக்கியத்துக்குப் பின்னால் விதி போடும் ஒருவர் நிற்கிறாரா? நின்றால் 'கூடாது'. வெறும் நிலைமையைச் சொன்னால் 'போகலாம்'.

வினையோடு ஒட்டி வரும் 'அப்', 'அவுட்', 'ஆஃப்' பற்றி என்னிடம் ஒரு சோதனை இருக்கிறது. 'இட்' என்ற சொல்லை வைத்துப் பாருங்கள். "டர்ன் இட் ஆஃப்" என்று நடுவில்தான் வைக்க முடியும். ஆக 'ஆஃப்' வினையின் ஒரு பாகம், இரண்டையும் சேர்த்துத்தான் பொருள் பார்க்க வேண்டும். "லுக் அட் இட்" என்று கடைசியில் வந்தால் 'அட்' வெறும் வேற்றுமை உருபு மாதிரி. இதில் 'அப்' எனக்கு மிகவும் பிடித்தது. 'யூஸ்' என்றால் பயன்படுத்து. 'யூஸ் அப்' என்றால் தீர்த்துவிடு. 'ட்ரை' என்றால் உலர். 'ட்ரை அப்' என்றால் வற்றிப்போ. 'டேர்' என்றால் கிழி. 'டேர் அப்' என்றால் கிழித்துப் போடு. மேலே என்ற பொருள் இங்கெல்லாம் எங்கே இருக்கிறது? நம் விடு, போ, போடு செய்கிற அதே முற்றுப்பெறுத்தும் வேலை. எல்லா 'அப்'பும் இப்படி இல்லை, ஆனால் இந்த ஒரு ஒப்புமை எனக்குப் பல கதவுகளைத் திறந்துவிட்டது.

நம் மொழியிலும் இது புதிதல்ல என்று தெரிந்தபோதுதான் எனக்கு ஆங்கிலத்தின்மேல் இருந்த கோபமே தணிந்தது. 'உம்' என்ற இடைச்சொல்லுக்குத் தொல்காப்பியம் எட்டுப் பொருள் சொல்கிறது, 'ஓ' என்பதற்கு ஆறு. 'அவனும் வந்தான்' என்றால் வேறு யாரோ முன்பே வந்திருக்கிறார்கள். 'அவனும் நானும்' என்றால் எண்ணிச் சேர்ப்பது. 'மூவரும் வந்தார்கள்' என்றால் யாரும் விட்டுப்போகவில்லை. 'குழந்தைக்கும் தெரியும்' என்றால் அவ்வளவு எளிது. தமிழ் கற்கும் வெளிமொழிக்காரர் ஒருவர் 'உம் என்றால் ஆண்ட்' என்று நோட்டில் எழுதிவைத்தால் அவர் என் நிலைமையில்தான் இருப்பார். இடைச்சொல் பெயரோடும் வினையோடும் சேர்ந்துதான் நடக்கும், தனித்து இயங்கும் தன்மை அதற்கு இல்லை என்று அதே நூல் சொல்கிறது. நான் இருநூறு வாக்கியம் எழுதிக் கண்டுபிடித்ததை எப்போதோ சொல்லிவைத்திருக்கிறார்கள்.

சொல்லின் வரலாறும் சில இடங்களில் கைகொடுக்கும். 'ஃபாஸ்ட்' என்றால் வேகம். ஆனால் 'ஸ்டக் ஃபாஸ்ட்' என்றால் அசையாமல் மாட்டிக்கொண்டது, 'ஃபாஸ்ட் அஸ்லீப்' என்றால் ஆழ்ந்த தூக்கம். உணவை விலக்கும் நோன்புக்கும் அதே சொல். பழைய ஆங்கிலத்தில் அதன் வேர்ப்பொருள் உறுதி. உறுதியாக நிற்பதும், உறுதியோடு விரதம் காப்பதும், விடாப்பிடியாக ஓடி அதனால் விரைவாக ஓடுவதும் அதிலிருந்து கிளைத்தவை. 'பட்' என்பதற்கு முதலில் 'வெளியே' என்று பொருள். அதைத் தெரிந்துகொண்ட பிறகு 'நோ ஒன் பட் யூ' என்பதற்கு உன்னைத் தவிர யாருமில்லை என்று பொருள் வருவது வினோதமாகத் தெரியவில்லை. 'நத்திங் பட்' என்றால் அது மட்டுமே, 'எனிதிங் பட்' என்றால் அது மட்டும் இல்லவே இல்லை, 'ஆல் பட் டன்' என்றால் ஏறக்குறைய முடிந்த மாதிரி. 'வில்' என்பதன் பழம்பொருள் விருப்பம். எதிர்காலத்துக்கும் மனவுறுதிக்கும் சொத்தை எழுதிவைக்கும் ஆவணத்துக்கும் அதுவே ஆனது. அந்தக் கடைசிப் பொருளைத்தான் நாம் 'உயில்' என்று தமிழாக்கி வைத்துக்கொண்டோம்.

இப்போது என் நோட்டில் நடுக்கோடு கிடையாது. ஒரு சொல்லுக்கு ஒரு பக்கம். அதில் முழு வாக்கியம், அதன் கீழே முழுத் தமிழ் வாக்கியம். தனிச்சொல் எழுதுவதே இல்லை. ஒரே நாளில் ஒரு சொல்லின் எல்லாப் பொருளையும் அகராதியிலிருந்து பெயர்த்து எழுதவும் மாட்டேன். முயன்றிருக்கிறேன், ஒன்றும் தங்கவில்லை. கண்ணில் பட்ட வாக்கியம் மட்டும்தான் ஏறும். ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே வரும் அகராதிகள் இதற்கு நல்லவை. அவற்றில் விளக்கத்தை விட்டுவிட்டு எடுத்துக்காட்டு வாக்கியங்களை முதலில் படியுங்கள். மொழிபெயர்த்து முடித்த பிறகு, மூலத்தை மூடிவைத்துவிட்டு, இந்தத் தமிழைப் படிக்கிறவர் என்ன செய்வார் என்று ஒருமுறை கேட்டுக்கொள்வதும் பழக்கமாகிவிட்டது. அன்று போனில் அந்த அம்மா கேட்ட கேள்விதான்.

'ஆஃப்' பக்கத்தில் முதல் வரி அந்த அலாரம் வாக்கியம். போன வாரம் அடுத்தடுத்து இரண்டு வரி சேர்ந்தது. ஓட்டப் பந்தயத்தில் துப்பாக்கி வெடித்ததும் வர்ணனையாளர் "தே ஆர் ஆஃப்" என்றார்: கிளம்பிவிட்டார்கள். அதே நாள் செய்தியில் "தி ரேஸ் இஸ் ஆஃப்" என்று படித்தேன்: பந்தயம் ரத்து.